கரையோரம் கடந்த படைகள் – 17: சின்னத்தை அடித்த அச்சு

இலங்கையைப் பிடித்ததற்கென்றே ஒரு பதக்கம் அடிக்கப்பட்டது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி கல்கத்தா நாணயச்சாலையில் அதை அடிப்பித்தது. தங்கத்தில் 2, வெள்ளியில் 121. மொத்தமே 123 பதக்கங்கள்தான். விட்டம் 2 அங்குலம். அதில் யானையும் இல்லை, சிங்கமும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் பாரசீக எழுத்து. 1795, 1796 ஆம் ஆண்டுகளில் இந்தத் தீவில் ஆற்றிய சேவைக்காக வழங்கப்பட்டது என்பதே இரண்டின் சாரமும். தமிழிலோ சிங்களத்திலோ ஓர் எழுத்துக்கூட இல்லை. எந்த மண்ணை வென்றார்களோ அந்த மண்ணின் மக்களுக்கு வாசிக்கத் தெரியாத பதக்கம் அது.

கற்பிட்டிக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்குக் கைமாறிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1795 ஓகஸ்டில் திருகோணமலை விழுந்தது. செப்டம்பரில் யாழ்ப்பாணம், அதன்பின் மன்னார், ஆண்டு முடியுமுன் கற்பிட்டி. 1796 பெப்ரவரி நடுப்பகுதியில் கொழும்பும் சரணடைந்தது. இந்தப் படையெடுப்பில் வந்த இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணப் படையைச் சேர்ந்தவர்கள். ஆனால் மேலே சொன்ன 123 பதக்கங்களும் வங்காளப் பீரங்கிப் படையினருக்கே போயின. சென்னைப் படைச் சிப்பாய்க்கு ஒன்றும் இல்லை. பதக்கத்தைக் கொடுக்கத் தீர்மானித்தது வங்காள அரசாங்கம். அது தன் ஆட்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. பாக்கு நீரிணையைத் தாண்டி வந்து, இந்தக் கரையின் வெயிலையும் காய்ச்சலையும் தாங்கி நின்ற தமிழ்ச் சிப்பாய்கள் வெறுங்கழுத்தோடு ஊர் திரும்பினார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது அநீதியாகவே எனக்குப் படுகிறது.

இந்த அத்தியாயம் பதக்கத்தைப் பற்றியதல்ல. பதக்கத்தை அடித்த அச்சைப் பற்றியது. 123 பதக்கங்களையும் 123 பேர் வாங்கிப் போய்விட்டார்கள். சில உருக்கப்பட்டிருக்கும், சில தொலைந்திருக்கும், சில இன்று ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் இருக்கின்றன. ஆனால் அச்சு நாணயச்சாலையிலேயே தங்கிவிட்டது. கம்பனியின் தொடக்ககாலப் பதக்கங்கள் பலவற்றுக்குப் பிற்காலத்தில் அதே மூல அச்சுகளை எடுத்து மறுபடியும் பிரதிகள் அடித்திருக்கிறார்கள். அதனால்தான் இன்று அப்படியொரு பதக்கம் ஏலத்துக்கு வரும்போது, அது அக்காலத்தில் அடித்ததா, பின்னாளில் அடித்ததா என்பதை விற்பவர் சொல்லியாக வேண்டியிருக்கிறது. உலோகம் அதே வெள்ளி, எழுத்தும் அதே எழுத்து, அடித்த அச்சும் அதே அச்சு. வேறுபடுவது அடித்த நாள் மட்டும். அந்த ஒரு வேறுபாட்டில்தான் ஒன்று வரலாறாகவும் மற்றது நகலாகவும் ஆகிறது.

அச்சு என்பது என்ன, அதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் உயர்ந்த எஃகில் ஒரு கட்டி. தொப்பிச் சின்னம் அடிக்கும் அச்சென்றால் கையில் ஏந்தக்கூடிய அளவுதான் இருக்கும். தூக்கினால்தான் அதன் கனம் தெரியும். அதைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் எஃகு இளகும். இளகிய எஃகின் முகத்தில் செதுக்குபவர் சிற்றுளியால் உருவத்தைக் குடைவார். மேலெழ வேண்டியதெல்லாம் உள்ளே பள்ளமாக இறங்க வேண்டும். வலமாக வர வேண்டியதெல்லாம் இடமாக இருக்க வேண்டும். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். ஒரு சின்னத்தில் யானையின் கண் சோற்றுப் பருக்கையில் கால்வாசிகூட இருக்காது. அந்தக் கண்ணையும் தலைகீழாகக் குடைய வேண்டும். இடையிடையே மெழுகையோ களிமண்ணையோ பள்ளத்தில் அமுக்கி எடுத்து, உருவம் எப்படி எழுகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுவார்கள். முடிந்ததும் மறுபடி சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் போடுவார்கள். மாதக்கணக்கில் வெட்டிய அச்சு இந்த ஒரு கணத்தில் வெடித்துப் போவதும் உண்டு. வெடிக்காமல் தப்பினால் அது கல்லைவிடக் கடினம்.

பதக்கத்துக்கும் நாணயத்துக்கும் இரு முகங்கள் உண்டு என்பதால் இரண்டு அச்சுகள் வேண்டும். சட்டைப் பொத்தானும் தொப்பிச் சின்னமும் அப்படியல்ல. அவை மெல்லிய தகட்டில் ஒரு பக்கம் மட்டும் உருவம் எழுந்தவை. அவற்றுக்குக் கீழே குடைந்த அச்சு ஒன்று. மேலே அந்தப் பள்ளத்துக்குள் சரியாகப் பொருந்தி இறங்கும் ஒரு துணை அச்சு. நடுவில் பித்தளைத் தகட்டை வைத்து, இரண்டு தூண்களுக்கிடையே கயிற்றில் உயர்த்திய கனத்த இரும்புக் கட்டியை விடுவார்கள். அது விழுந்த அடியில் தகடு பள்ளத்துக்குள் பாயும். ஒரே அடியில் எல்லாம் வராது. தகட்டை எடுத்துக் காய்ச்சி இளக்கி மறுபடி வைத்து அடிப்பார்கள். அதன் பிறகு ஓரங்களையும் நடுவில் உள்ள திறப்புகளையும் வெட்ட வேறொரு வெட்டுக்கருவி. பின்புறத்தில் கொக்கியையோ வளையத்தையோ பற்றவைத்து, மெருகேற்றினால் சின்னம் தயார். ஒரு சிறிய தொப்பிச் சின்னத்துக்குப் பின்னால் குறைந்தது மூன்று எஃகுக் கருவிகள் நிற்கின்றன. சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் குடைந்த அச்சை மட்டும் தேடுகிறார்கள். துணை அச்சும் வெட்டுக்கருவியும் பழைய இரும்பாகப் போய்விடுகின்றன. பிற்காலப் போலிகளை அடையாளம் காட்டித் தருவது அந்த வெட்டுக்கருவிதான் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மூல அச்சு கையில் இருந்தும் மூல வெட்டுக்கருவி இல்லாதவர் ஓரத்தை அரத்தால் ராவித்தான் சீர்செய்வார்; பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரத்தின் கீறல் தெரியும்.

இப்படி ஓர் அச்சு தன் முதலாளியைவிட்டு வெளியேறினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அதுவும் நம்மவர் கழுத்தில் தொங்கிய ஒரு பதக்கத்தோடு தொடர்புடையது.

1799 மே 4 ஆம் திகதி சீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அதற்காகக் கம்பனி பெரிய அளவில் பதக்கம் அடிக்க முடிவுசெய்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு அருகே சோஹோ என்ற இடத்தில் மத்தேயு போல்ட்டன் நீராவியால் இயங்கும் நாணயச்சாலை நடத்திவந்தார். ஜேம்ஸ் வாட்டுடன் கூட்டுச் சேர்ந்து நீராவி இயந்திரத்தை உலகமெங்கும் விற்ற அதே போல்ட்டன்தான். அவரிடம் கொன்ராட் ஹைன்ரிக் குஷ்லர் என்ற செதுக்குக் கலைஞர் இருந்தார். குஷ்லர் வெட்டிய அச்சில் ஒரு சிங்கம் புலியைக் கீழே தள்ளி மேலேறி நிற்கிறது. சிங்கம் பிரித்தானியா, புலி திப்பு. மறுபக்கத்தில் கோட்டைச் சுவர் உடைந்த இடத்தில் படை ஏறும் காட்சி. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, இளநிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அதற்குக் கீழே வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். சென்னைப் படைச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வாங்கியது அந்தத் தகரப் பதக்கத்தைத்தான். பதவி எதுவானாலும் உருவம் ஒன்றே. சிங்கத்தின் பிடரியில் ஒரு முடிகூட மாறாது. உலோகம் மட்டும் ஆளுக்கேற்ப இறங்கிக்கொண்டே போனது.

போல்ட்டன் 1809 இல் காலமானார். பிற்காலத்தில் சோஹோ நாணயச்சாலை மூடப்பட்டது. 1850 ஏப்ரலில் அதன் இயந்திரங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நீராவி அச்சு இயந்திரங்களை ரால்ஃப் ஹீட்டன் வாங்கினார்; அவற்றை வைத்து அவர் எழுப்பியதுதான் பின்னாளில் உலகின் பெரிய தனியார் நாணயச்சாலையாக விளங்கிய பர்மிங்ஹாம் மின்ட். இயந்திரங்கள் போன இடம் நல்ல இடம். அச்சுகளின் கதை வேறு. சோஹோவின் பழைய அச்சுகளில் ஒரு பெரும் பகுதி லண்டனில் அச்சு வெட்டும் தொழில் செய்துவந்த டபிள்யூ. ஜே. டெய்லர் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அவற்றைத் துடைத்து, சிலவற்றின் துருவைச் சுரண்டி, சிலவற்றைத் திருத்தி வெட்டி, சேகரிப்பாளர்களுக்காகப் புதிதாக அடிக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறுபக்கத்துக்கு வேறொன்று என்று போல்ட்டன் காலத்தில் இல்லாத சோடிகளையும் சேர்த்து அடித்தார். பல பத்தாண்டுகளுக்கு இது நடந்தது.

அதன் பின்விளைவைச் சரிசெய்ய நாணய ஆய்வாளர்களுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. பெக் என்ற ஆய்வாளர் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் செப்பு நாணயங்களைப் பட்டியலிட்டபோது, சோஹோ நாணயங்களை முற்காலத்தவை, பிற்காலத்தவை, டெய்லர் மறுபடி அடித்தவை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. எதை வைத்துப் பிரித்தார் தெரியுமா? துருவை வைத்து. அச்சில் துருப்பிடித்த இடம் சிறு பள்ளமாகும். அடிக்கும்போது அது நாணயத்தில் சிறு மேடாக எழும். அரசனின் கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அது துருவேறிய பழைய அச்சில் பின்னர் அடித்தது. அச்சு தன் வயதை ஒளிப்பதில்லை.

டெய்லரைப் பலர் மன்னித்துவிட்டார்கள். அவர் இல்லாவிட்டால் அந்த அச்சுகள் உருக்கப்பட்டிருக்கும் என்பது அவர்களின் வாதம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. காப்பாற்றியது நல்லது, அடித்தது தவறு. இன்று பழைய அச்சு சேகரிக்கும் ஒவ்வொருவர் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது.

இனி நம் தீவுக்கு வருவோம். ஆங்கிலேயர் வந்த தொடக்க ஆண்டுகளில் இங்கே செப்புக்காசுக்குத் தட்டுப்பாடு. 1801 முதல் 1816 வரை கொழும்பிலேயே கையால் காசு அடித்தார்கள். தடித்த செப்புத் துண்டு. ஒரு பக்கம் இலங்கை அரசாங்கம் என்ற ஆங்கில எழுத்தும் மதிப்பைச் சொல்லும் 12, 24, 48 என்ற எண்களில் ஒன்றும். மறுபக்கம் யானையும் ஆண்டும். இந்தக் காசுகளைப் பத்துப் பதினைந்து சேர்த்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு யானையைப் போல் இன்னொன்று இல்லை. ஒன்றுக்கு முதுகு வளைந்திருக்கும், ஒன்றுக்குக் கால்கள் குட்டை, இன்னொன்றில் தும்பிக்கை பாதியில் காசின் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அச்சு தேயத் தேயப் புது அச்சு வெட்டினார்கள். வெட்டும் ஒவ்வொரு முறையும் யானை மாறியது. யானையை நேரில் பார்த்தவர் கை அதில் தெரிகிறது. நடையில் ஒரு பாரம், காதில் ஓர் அசைவு.

1815 இல் லண்டன் அரச நாணயச்சாலையில் அடித்து அனுப்பிய ஸ்டைவர் காசிலும் யானை உண்டு. ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் யானை. வட்டம் துல்லியம், எழுத்து துல்லியம், ஒவ்வொரு காசிலும் ஒரே யானை. 1821 இன் வெள்ளி ரிக்ஸ் டொலரிலும் அப்படியே. அழகுதான். ஆனாலும் கொழும்பில் அடித்த அந்தக் கரடுமுரடான யானைக்குத்தான் என் வாக்கு. இந்த ஆட்சியின் சின்னங்களில் இந்தத் தீவிலேயே அடித்தவை என்று கையில் எடுத்துப் பார்க்கக் கிடைப்பவை அவையே. அதற்குப் பிறகு யானை கடல் தாண்டித்தான் வந்தது.

படைகளின் சின்னங்களும் அப்படியே. ஒல்லாந்தரிடம் இருந்த மலாய் வீரர்களை ஆங்கிலேயர் தம் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் படைதான் பின்னர் 1827 முதல் இலங்கை ரைபிள் ரெஜிமென்ட் என்ற பெயரைப் பெற்று, 1870 களின் தொடக்கத்தில் கலைக்கப்படும்வரை இயங்கியது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இன்றுள்ள மலாய்க் குடும்பங்கள் சிலவற்றின் வேர் அங்கே போகிறது. கற்பிட்டியில் 1807 இல் பிறந்து, 1834 இல் இலங்கையின் ஊர்விவரக் களஞ்சியத்தை எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி அந்தப் படைவீரர்கள் வாழ்ந்த காலத்தவர். 1881 ஏப்ரலில் தொண்டர் படையாக இலங்கை இலகு காலாட்படை உருவானது. 1900 இல் தோட்டத்துரைமாரின் ரைபிள் படை. 1949 ஒக்டோபரில் இலங்கை இராணுவம், அடுத்த ஈராண்டுக்குள் கடற்படையும் விமானப்படையும். பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. ஆங்கிலேயர் காலம் முழுவதும் படைச்சின்னத் தொழிலின் தலைநகராக இருந்தது பர்மிங்ஹாம்; லண்டனில் ஃபர்மின் போன்ற பழம்பெரும் பொத்தான் நிறுவனங்கள். பொத்தானின் பின்புறத்தைத் திருப்பினால் செய்தவர் பெயர் வட்டமாகப் பொறித்திருக்கும். அதுவும் ஓர் அச்சின் வேலைதான்.

பர்மிங்ஹாமின் நகைத்தொழில் பேட்டையில் நகையும் படைச்சின்னமும் அடுத்தடுத்த பட்டறைகளில் பிறந்தன. ஒரே பட்டறையில் பிறந்ததும் உண்டு. இரண்டு உலகப் போர்களின்போதும் போருக்குப் போனவனின் தாயும் மனைவியும் காதலியும் அவனது படைப்பிரிவின் சின்னத்தைச் சிறிய ஊசிப் பதக்கமாகச் சேலையிலோ கோட்டிலோ குத்திக்கொண்டார்கள். வெள்ளி, பொன், சிப்பி, எனாமல் என்று வசதிக்கேற்ப வாங்கினார்கள். படைவீரனின் கழுத்துப்பட்டிச் சின்னத்தை அடித்த அச்சிலேயே அடித்து, பின்னால் ஊசியைப் பற்றவைத்துவிட்டால் அது நகையாகிவிடும். இன்று பழைய அச்சுகளைத் தேடி வாங்குபவர்களில் நகை செய்பவர்களும் இருப்பதற்குக் காரணம் இதுதான். கழுகு, நங்கூரம், இலைவளையம், கிரீடம் ஆகியவற்றை இவ்வளவு நுணுக்கமாக எஃகில் கையால் குடைந்து தருபவர் இன்று அரிது.

கிரீடம் என்றதும் நம் வாசகர்களுக்குப் பயன்படும் ஒரு தகவல். பிரித்தானியச் சின்னங்களில் கிரீடத்தின் வடிவத்தை வைத்தே காலத்தைக் கணிக்கலாம். 1901 இல் விக்டோரியா இறந்து ஏழாம் எட்வர்ட் வந்ததும் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளமின்றி உருண்டு எழும் வடிவம் வந்தது. 1950 களின் தொடக்கத்தில் இரண்டாம் எலிசபெத் வந்ததும் வளைவுகள் நடுவில் அமுங்கிய வடிவம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கிரீடம் கொண்ட அத்தனை அச்சுகளும் ஒரே நாளில் பயனற்றுப் போயின. இலங்கையில் இதைவிடப் பெரிய மாற்றம் 1972 மே 22. நாடு குடியரசானது, சிலோன் என்ற பெயரும் அரச என்ற அடைமொழியும் கிரீடமும் படைச்சின்னங்களிலிருந்து இறங்கின. அப்படிப் பயனற்றுப்போன அச்சுகளுக்கு உலகமெங்கும் இருந்த வழி உருக்குவது, அலமாரியின் அடித்தட்டில் போடுவது, எடைக்கு விற்பது ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

மதுரங்குளியிலிருந்து புத்தளம் போகும் வீதியில் பாலாவிச் சந்தி வரும். இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி. அந்தப் பாலாவியில் இன்று விமானப்படைத் தளம் இருக்கும் இடத்தில்தான் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை விமானத்தளம் இருந்தது. 1943 இல் திறந்தார்கள், பெயர் எச்.எம்.எஸ். ராஜாலிய. விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானப் பிரிவுகள் இங்கே இறங்கிப் பயிற்சி எடுத்தன. ஓடுபாதையைவிட்டு விலகி மழைச்சேற்றில் புதைந்த போர்விமானங்களை யானை கட்டி இழுத்தார்கள். அந்தப் புகைப்படங்கள் இன்று உலகப் புகழ்பெற்றவை. போர் முடிந்த 1945 இலேயே தளமும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கிப் போன இடத்தில் எதுவும் மிஞ்சாமல் போகாது. அந்தக் கடற்படைச் சீருடைப் பொத்தானின் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன்: கயிறு சுற்றிய நங்கூரம், மேலே கிரீடம், விளிம்பைச் சுற்றி முறுக்குக் கயிறு. பழைய பொத்தானில் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளமின்றி உருண்டிருந்தால் அது 1950 களின் தொடக்கத்துக்கு முந்தியது. இதே போரின்போது பிரித்தானியாவில் பித்தளை, வெண்கலத் தட்டுப்பாட்டால் தரைப்படையின் தொப்பிச் சின்னங்களைப் பிளாஸ்ரிக்கிலும் வார்த்தார்கள். ஆகவே தென்னந்தோட்டத்தில் மண் கிளறும்போது பழுப்பு நிறப் பிளாஸ்ரிக் சின்னம் கிடைத்தால் விளையாட்டுச் சாமான் என்று எறிந்துவிடாதீர்கள்.

இப்போது அச்சுச் சந்தையின் நிலை. நகைப் பட்டறைகளும் பொத்தான் தொழிற்சாலைகளும் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஒன்றையொன்று விழுங்கின. பர்மிங்ஹாமின் கோன்ட் நிறுவனம் 1973 இல் பர்மிங்ஹாம் மின்டுக்குள் போனது, பின்னர் ஃபர்மினுக்கு. பர்மிங்ஹாம் மின்டே 2003 இல் மூடப்பட்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அச்சுகள் டன் கணக்கில் இடம்பெயர்ந்தன. ஒரு பகுதி வெளியே கசிந்தது. கசிந்தவற்றில் சில நல்லவர் கைக்குப் போயின, சில மறுபடி அடிப்பவர் கைக்குப் போயின. இன்று ஒரு பழைய படைச்சின்னத்தை மூல அச்சில் அடித்தது என்று விற்பவர் பொய் சொல்லாமலே வாங்குபவரை ஏமாற்ற முடியும்.

நல்ல முன்மாதிரியும் அதே ஊரில் இருக்கிறது. ஸ்மித் அன்ட் பெப்பர் என்ற பொன்வளையல் பட்டறை 1981 இல் மூடப்பட்டபோது, மேசை, கருவி, தேநீர்க் கோப்பை எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். பிறகு நகரசபை அதை அப்படியே அருங்காட்சியகமாக்கியது. அடுக்கடுக்காக அச்சுகள் தத்தம் தட்டிலேயே இருக்கின்றன. ஓர் அச்சை அது வேலைசெய்த பட்டறையிலேயே பார்க்கும்போதுதான் அதன் பக்கவாட்டில் குத்திய எண்ணுக்கும், தட்டில் எழுதிய எண்ணுக்கும், பதிவேட்டில் உள்ள எண்ணுக்கும் தொடர்பு புரியும். அந்த மூன்று எண்களில் ஒன்று போனாலும் அச்சு பாதி ஊமையாகிவிடும்.

நம் நாட்டில் அச்சுத் தொழில் இல்லாமல் இல்லை. கொழும்பு செட்டியார் தெருவின் பட்டறைகளிலும், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நகைசெய்யும் ஆசாரிமார் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக அச்சுக்கட்டைகள் இருந்திருக்கின்றன. தாலிக்கொடியின் உருக்கள், அட்டியலின் இலைகள், தோட்டின் பூக்கள் என்று எல்லாவற்றுக்கும் வெண்கலத்திலும் எஃகிலும் வெட்டிய சிறு அச்சுகள். இயந்திர நகை வந்தபின் அவை எடைக்குப் போகின்றன. படைச்சின்ன அச்சுக்கு வெளிநாட்டில் சேகரிப்பாளர் உண்டு. ஆசாரியின் அச்சுக்கட்டைக்கு இங்கே கேட்பாரில்லை. அந்தக் கட்டைகளைச் சேர்க்க ஒருவர் முன்வந்தால், வெளிநாட்டுக் கிரீடங்களைச் சேர்ப்பதைவிட அது பெரிய வேலை என்பேன்.

கடைசியாக, கையில் அச்சோ பழைய சின்னமோ கிடைத்தவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் கரையில் எஃகின் முதல் எதிரி உப்புக்காற்று. உப்பளமும் களப்பும் கடலும் சூழ்ந்த இடத்தில் எண்ணெய் பூசாத எஃகு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அது துருவோடு செதுக்குபவரின் கோடுகளையும் கொண்டுபோகும். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு, நன்றாகக் காயவைத்து, அமிலமில்லாத எண்ணெயை மெல்லப் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள். உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் அடித்துப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்ரிசினை அமுக்கி எடுத்தாலே போதும். அல்லது பக்கவாட்டில் விளக்கை வைத்துப் படமெடுத்து, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் குத்திய எண், பெயர், ஆண்டு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதை அன்றைக்கே குறித்துவிடுங்கள், மறுநாள் மறந்துபோகும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகப் பார்க்கிறது. ஒல்லாந்தர் காலத்துப் பொருளோ, கொழும்பின் யானைக்காசில் பெரும்பகுதியோ அந்த எல்லைக்குள் வரும். அவற்றை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. புழக்கத்தில் உள்ள நாணயத்தின் அச்சையோ இன்றைய படைகளின் சின்ன அச்சையோ கண்டால் கைவசம் வைத்துக்கொள்ளாமல் உரிய இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

பாலாவி, கற்பிட்டி, முந்தல், மதுரங்குளிப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தோட்டத்தில், பாட்டனாரின் பெட்டியில் நங்கூரப் பொத்தானோ, கிரீடச் சின்னமோ, எழுத்துத் திரும்பிய எஃகுக் கட்டியோ இருந்தால் பழைய இரும்பு வாங்க வரும் லொறியில் போட்டுவிடாதீர்கள். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று மூன்று படங்களெடுத்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, கிடைத்த இடத்தையும் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பொருள் உங்களிடமே இருக்கட்டும். விவரம் எல்லோருக்கும் வேண்டும்.

அடுத்த இதழில்: புத்தளத்து மலாய்ப் படைவீரர் குடும்பங்கள்.